உமிக்குள் வைத்த கல்

"நான் தப்பாச் சொல்லிருவேன், சாமி."

கரட்டு உச்சிக்கு மூச்சு வாங்க ஏறிவந்த வீரக்காள், உட்காருவதற்கு முன்பே சொன்னது இதுதான்.

கரட்டுச்சாமி கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"எதை?"

"எல்லாத்தையும். முன்னால சொல்ல வேண்டியதைப் பின்னால சொல்லிருவேன். பின்னால சொல்ல வேண்டியது வாய்க்கே வராது. இப்ப உங்ககிட்டச் சொல்லப்போறதும் கோணலாத்தான் வரும்."

"கோணலாவே சொல்லு, அக்கா."

"சாமி என்னைய அக்கான்னு கூப்பிடலாமா?"

"உனக்கு வயசு என்ன?"

"நாப்பத்தாறு."

"எனக்கு முப்பத்திரண்டு. வேற எப்பிடிக் கூப்பிடுறது?"

பத்து வருசத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்து, ஆனைக்கல்பட்டிக்கு மேலே இருந்த மொட்டைக் கரட்டில் குடிசை போட்டுக்கொண்டவள் அவள். வாக்குச் சொல்ல மாட்டாள். திருநீறு கொடுக்க மாட்டாள். ஏதாவது கேட்டுப் போனால் ஏதாவது வேலை கொடுத்துவிடுவாள் என்று ஊருக்குள் பேச்சு. அதனாலேயே அதிகம் பேர் ஏறுவதில்லை.

வீரக்காள் சொல்லத் தொடங்கினாள்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த அன்றைக்கு மழை பெய்ததிலிருந்து தொடங்கினாள். வாசலில் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டதைச் சொன்னாள். புருசனின் அண்ணன், அவளுக்கு மூத்தாரான சடையாண்டி, பந்தியில் கறி குறைந்துபோனதென்று இலையை மடித்துவிட்டு எழுந்ததைச் சொன்னாள். புருசன் வெள்ளையன் செத்ததைச் சொல்லும்போது அழுதாள். அழுது முடித்ததும் எதுவரை சொன்னோம் என்பது மறந்துபோனது.

மறுபடியும் மழையிலிருந்து தொடங்கினாள்.

கம்பு புடைத்து முடிந்தது.

"வழக்கு என்ன, அக்கா?"

"வீடு, சாமி."

"நீ இன்னும் வீட்டுக்கு வரலையே."

"அதுதான் சொன்னேனே. இப்பிடித்தான் கூட்டத்துலயும் ஆகிப்போகுது."

ஆனைக்கல்பட்டியில் வருசத்துக்கு ஒருமுறை, ஆவணி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை காலையில், ஊர்க்கூட்டம் கூடும். வழக்காளி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கவைக்கம்பு நட்டு, அதில் ஒரு கலயம் தண்ணீரைத் தொங்கவிடுவார்கள். கலயத்தின் அடியில் ஒரு ஓட்டை. ஓட்டையை அடைத்திருக்கும் மெழுகை நாட்டாண்மை எடுப்பார். தண்ணீர் ஓடுகிற வரைக்கும் வழக்காளி பேசலாம். ஓடாதபோது பேசக் கூடாது. கடைசிச் சொட்டு விழுந்த பிறகு ஒரு சொல் சொன்னாலும் வழக்கு தோற்றுப்போகும்.

தண்ணீர் தீர்வதற்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், சாட்சி எழுந்து நின்று உள்ளதைச் சொல்லியாக வேண்டும். கூப்பிடாத சாட்சி, எல்லாம் தெரிந்தவராக இருந்தாலும், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஒரு வழக்கை நான்கு தடவைதான் சொல்லலாம். வீரக்காள் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது.

"வீடு கட்டினது யாரு?" என்றாள் சாமி.

"நானும் அவரும். கடைக்கால் கல்லு பூராவும் இந்தக் கரட்டுலருந்து நான் சுமந்தது. மூத்தாரு ஒரு கூடை மண்ணு தூக்கலை. இப்ப, அது என் தம்பி வீடு, பிள்ளையில்லாதவளுக்கு என்னத்துக்குங்கிறாரு. மொத வருசம் முன்னறையில அவரு மாட்டைக் கொண்டாந்து கட்டினாரு. போன வருசம் அடுப்படிக்கு மேல கூரை ஓட்டைப் பிரிச்சாரு. இந்த வருசம் கூட்டம் முடிஞ்ச மறுநாள் கதவைக் கழட்டிருவேன்னு சொல்லியிருக்காரு. கதவில்லாத வீட்டுல ஒத்தைப் பொம்பளை எப்பிடிப் படுக்கிறது, சாமி?"

"நீ கல்லு சுமந்ததைப் பார்த்த ஆள் உண்டா?"

"முத்திருளன் கொத்தனாரு. கடைக்கால் போட்டதே அவருதான். அவரு பேரைச் சொல்றதுக்குள்ள தண்ணி தீந்துபோகுது. மூணு வருசமும்."

"முதல்லயே அவரு பேரைச் சொல்லிரேன்."

"அப்பிடித்தான் நினைச்சுக்கிட்டுப் போறேன். மூத்தாரு முகத்தைப் பார்த்ததும் அடிவயித்துலருந்து என்னமோ கிளம்பி வருது. மழை, மாமியா, கறிச்சோறு, எல்லாம் ஒண்ணா வருது. எனக்குப் பலம் பத்தலை. கொஞ்சம் பலம் கொடுங்க."

"பலம் இல்லாமலா கடைக்காலுக்குக் கல்லு சுமந்த?"

"அது அப்ப."

சாமி முறத்தைக் கவிழ்த்துத் தட்டினாள்.

"இந்தக் கதையை இதுவரைக்கும் யாரு யாருகிட்டச் சொல்லியிருக்க?"

"கிணத்தடியில சொல்லுவேன். மாவரைக்கிற இடத்துல சொல்லுவேன். வளையல்காரரு வந்தா அவருகிட்டயும். மனசு ஆறணும்ல."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு யாருகிட்டயும் இல்லை. வர்ற வழியில ஆட்டுக்கார மொக்கையன்கிட்ட மட்டும்."

"அவன் என்ன சொன்னான்?"

"உச்சுக் கொட்டினாரு."

சாமி எழுந்து அடுப்படிக்குப் போனாள். காலையில் எரிந்த அடுப்பு கங்காகக் கிடந்தது. இடுக்கியால் ஒரு கருங்கல்லை அதிலிருந்து எடுத்து, சாக்குத் துண்டில் வைத்து, வீரக்காளின் முன்னால் நகர்த்தினாள்.

"பொழுது சாயுறப்ப என் முழங்காலுக்கு ஒத்தடம் வேணும். அதுவரைக்கும் இந்தச் சூட்டைக் காப்பாத்து."

"சாயங்காலம் அடுப்பைப் பத்தவச்சு நானே கல்லைச் சுட்டுத் தரேன், சாமி."

"இந்தக் கரட்டுல ஒரு வேளைதான் அடுப்பு."

*

முதல் நாள் வீரக்காள் கல்லை வெயிலில் வைத்துப் பார்த்தாள். காற்று வந்து நக்கிக்கொண்டு போனது. உச்சிக்கு முன்பே ஆறிவிட்டது.

இரண்டாம் நாள் நான்கு சுற்றுத் துணியில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டாள். பிற்பகல் வரை தாங்கியது.

மூன்றாம் நாள் ஊரிலிருந்து ஒரு பானை உமி கொண்டுவந்தாள். கல்லை உமிக்குள் புதைத்து, மேலும் உமியைக் கொட்டி, வாயைத் துணியால் கட்டினாள். அவளுக்கே அது பெருமையாக இருந்தது.

சாயங்காலம் சாமி முழங்காலில் கல்லை வைத்துப் பார்த்தாள். கோழி முட்டைச் சூடுதான் இருந்தது.

"எத்தனை தடவை திறந்த?"

"ஏழெட்டுத் தடவை இருக்கும்."

"எதுக்கு?"

"சூடு இருக்கான்னு பார்க்கத்தான்."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பார்த்த பிறகு?"

வீரக்காள் பானையைக் கவிழ்த்து உமியைப் பரத்தினாள்.

நான்காம் நாள் அவள் பானையைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது கல் சுமப்பதைவிடக் கடினமாக இருந்தது. உள்ளே ஆறிப்போயிருந்தால் என்ன செய்வது என்று கை பானைப் பக்கமே போனது. கையிரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பானைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பொழுது சாய்ந்தது.

சாமி கல்லை முழங்காலில் வைத்தாள். சட்டென்று எடுத்தாள்.

"சுடுது. நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே எடு."

அவ்வளவுதான் சொன்னாள்.

*

குடிசைக்குக் கீழே சாமியின் கம்பங்கொல்லை. கிளி விரட்ட ஒரு மூங்கில் வில் இருந்தது. களிமண் உருண்டையை நாணில் வைத்து இழுத்து விட்டால் கொல்லையின் மறுகோடி வரை போகும்.

சாமி அதை வீரக்காளிடம் கொடுத்தாள்.

கிளிகள் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வீரக்காள் நாணை அவிழ்க்கவே இல்லை. சாயங்காலம் ஊருக்கு இறங்கும்போதும் வில்லை நாண் ஏற்றியபடியே கூரையில் செருகிவிட்டுப் போனாள். காலையில் வந்ததும் கையில் எடுத்துக்கொண்டாள்.

மொக்கையன் ஆடுகளோடு அந்தப் பக்கம் வந்தான்.

"என்ன மதினி, வில்லும் கையுமா நிக்கிறீக. சடையாண்டி அண்ணன் பார்த்தா ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிருவாரு."

"உங்க ஆட்டைக் கொல்லைக்குள்ள விடாமப் போங்க, மொக்கையா. மொத உருண்டை உங்களுக்குத்தான்."

"கேசு எந்த மட்டுக்கு இருக்கு? சொல்லுங்க கேப்போம். நானும் உச்சுக் கொட்டி நாளாச்சு."

வீரக்காள் வாயைத் திறந்தாள். பானையும் உமியும் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டாள்.

பத்தாம் நாள் கிளிக்கூட்டம் வந்தது. வீரக்காள் உருண்டையை வைத்து இழுத்து விட்டாள். உருண்டை பத்தடி போய்ப் பொத்தென்று விழுந்தது. கிளிகள் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கதிரில் மூக்கை வைத்தன.

சாமி வந்து வில்லை வாங்கி வளைத்துப் பார்த்தாள். மூங்கில் துவண்டு கிடந்தது.

"கட்டியேவா வச்சிருந்த?"

"எப்ப வருமோன்னு பயம், சாமி."

"ராத்திரியிலயுமா கிளி வரும்?"

"வராது. ஆனாலும் பயம்."

சாமி நாணை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். வில்லைக் கூழ்ப்பானையில் விட்டுக் கிண்டினாள். நீளம் சரியாக இருந்தது.

"இதுக்கு ஆகும்" என்றாள்.

வீரக்காள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்தக் கூழில் தன்னையே யாரோ கிண்டுவதுபோல இருந்தது.

மறுநாள் சாமி புது மூங்கிலைச் சீவி நாணோடு கொடுத்தாள். வீரக்காள் நாணைத் தனியாக இடுப்பில் சுற்றிக்கொண்டாள். வில்லை நிழலில் படுக்கவைத்தாள். கிளிச் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து நாண் ஏற்றினாள். உருண்டை கொல்லையைத் தாண்டிப் பாறையில் போய் உடைந்தது.

*

ஆடி பிறந்த வாரத்தில் ஒரு காலை, வீரக்காள் கரட்டை ஓட்டமும் நடையுமாக ஏறிவந்தாள். முகம் சிவந்திருந்தது.

"சாமி, நேத்து மூத்தாரு ஒரு குச்சியைக் கொண்டாந்து என் கதவை அளந்துட்டுப் போனாரு. நான் உள்ள இருக்கேன். இருக்கவே அளக்கிறாரு. நீளம் பார்த்தாரு, அகலம் பார்த்தாரு, என் மாட்டுக்கொட்டாய்க்கு அளவாத்தான் இருக்குன்னு சத்தமாச் சொல்லிட்டு..."

சாமி கையை நீட்டி ஒரு மூலையைக் காட்டினாள்.

அங்கே ஒரு குடம் இருந்தது.

கரட்டடியில் ஊற்று. உச்சியில், குடிசைக்கு மேலே, பாறை தொட்டிபோலக் குழிந்த ஓர் இடம். கீழிருந்து மேலே நூற்றிருபது படி. படி என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான், கால் வைக்கிற பள்ளங்கள்.

"மேல இருக்கிற குழியில தண்ணி ரொப்பு."

"நான் சொல்ல வந்ததை முடிச்சுட்டு..."

"குடம் அங்க இருக்கு, அக்கா."

வீரக்காள் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சடையாண்டியைத் திட்டிக்கொண்டே மொண்டாள். திட்டிக்கொண்டே ஏறினாள். பாதி வழியில் திட்டுவதற்கு மூச்சு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி ஊற்றினாள். மறுபடி இறங்கினாள்.

அன்றைக்குப் பதினெட்டுக் குடம்.

"கோவமா இருக்கிறப்ப எடை தெரியாது" என்றாள் சாமி. இது பாராட்டா, கேலியா என்று வீரக்காளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தால் குழியில் தண்ணீர் நான்கு விரல் குறைந்திருந்தது.

"ஓட்டை இருக்கு, சாமி."

"மேல பாரு."

வீரக்காள் மேலே பார்த்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. இறங்கிப் போய்ப் பனையோலை வெட்டிக்கொண்டு வந்து குழியை மூடினாள்.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. சடையாண்டி தெருவில் ஏதாவது சொன்னால், மறுநாள் காலை அவள் குடத்தை எடுப்பாள். நேராக ஊற்றுக்குப் போவாள். சாமியிடம் எதையும் சொல்வதில்லை. ஒரு நாள் பத்துக் குடம், ஒரு நாள் ஐந்து. சடையாண்டியின் பெண்டாட்டி தாலிக்கயிற்றைத் தடவிக்காட்டி ஒரு சொல் சொன்ன நாளுக்கு மட்டும் இருபத்திரண்டு.

அந்த நாட்களில் ஒருமுறை, வீரக்காள் வெட்டிப்போட்ட ஆவாரங்குச்சிகளை அன்றைக்கே அடுப்பில் வைத்தாள். குடிசை முழுவதும் புகை. இருவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள்.

"பச்சை விறகைப் பத்தவைப்பாங்களா, அக்கா?"

"அவசரம்."

"யாருக்கு? அடுப்புக்கா?"

வீரக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலும் சேர்ந்து வந்தது.

*

ஆடிக் காற்று மண்ணை வறட்டியது. மழை இல்லை. கம்பு கதிர் முற்றுகிற நேரத்தில் தாள் சுருளத் தொடங்கியது.

ஒரு காலை சாமி பனையோலைகளை விலக்கினாள். குழி விளிம்பு வரை நிறைந்திருந்தது. அடியில் களிமண் வைத்து அடைத்திருந்த துளையை ஒரு கம்பியால் குத்தினாள்.

தண்ணீர் பாறை இடுக்கு வழியாக இறங்கிக் கொல்லைக்குப் போனது. யாரும் சுமக்கவில்லை. யாரும் இறைக்கவில்லை. பாத்தி பாத்தியாகத் தானே போய் நிரம்பியது.

இருவரும் கொல்லை மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுல, கதவை அளந்த அன்னைக்கு நீ சுமந்த தண்ணி எது?" என்று சாமி கேட்டாள்.

வீரக்காள் உற்றுப் பார்த்தாள். வெயில் பட்டு மின்னிக்கொண்டு தண்ணீர் ஓடியது.

"தெரியலை, சாமி."

"கம்புக்குத் தெரியுமா?"

"அதுக்கென்ன தெரியும். தண்ணி வந்தாச் சரி."

சாமி எழுந்து போய்க் களிமண்ணை எடுத்துத் துளையை அடைத்தாள். குழியில் இன்னும் பாதிக்கு மேல் தண்ணீர் கிடந்தது.

"கடைசிப் பாத்தி நனையலையே, சாமி."

"நாளைக்கு நனையட்டும். இன்னைக்கு விட்டா வரப்பை உடைச்சுக்கிட்டுப் போயிரும்."

*

கூட்டத்துக்கு முந்தின நாள்.

"சாமி, நாளைக்குக் கூட்டம். உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கிறேன். தப்பு இருந்தாத் திருத்துங்க."

சாமி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சாமி, நீங்களே கேக்கலைன்னா எப்பிடி?"

காதைப் பொத்தியபடியே சாமி குடிசைக்குள் போனாள். படலைக் காலால் தள்ளிச் சாத்தினாள்.

ஒன்றரை மாதம் ஏறி இறங்கியதற்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை. கல்லின் சூட்டைக் காத்துக் கொடுத்தோம், கிளி விரட்டினோம், தண்ணீர் சுமந்தோம். எல்லாம் அவளுக்கு வேலைக்காரியாக இருந்ததுதானா? கீழே இறங்கும்போது அந்தக் கோபத்தைச் சொல்ல மொக்கையனையாவது பார்க்கலாம் என்று கண் தேடியது. நல்லவேளை, மொக்கையன் இல்லை.

கிணற்றடியில் நான்கு பெண்கள் நின்றார்கள்.

"வீரக்கா, நாளைக்குத்தானே? என்ன சொல்லப்போற?"

"சடையாண்டி மச்சான் போன வாரமே ஆளெல்லாம் பிடிச்சுட்டாராம்."

"நீ எங்ககிட்டச் சொல்லிட்டுப் போ. நாங்க எடுத்துக் கொடுக்கிறோம்."

நாக்கு நுனி வரை வந்தது. வந்து நின்றது. வீரக்காள் கயிற்றை இன்னும் கொஞ்சம் வேகமாக இழுத்தாள்.

"தண்ணி எடுக்க வந்தேன்" என்றாள்.

"ஏண்டி, கரட்டுச்சாமி இவளுக்கு வாய்ப்பூட்டுப் போட்டுல்ல அனுப்பியிருக்கு."

சிரித்தார்கள். வீரக்காள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்தாள். கேப்பைக்களி கிண்டி வயிறு நிறையத் தின்றாள். பொழுது அடைவதற்கு முன்பே கதவைத் தாழ்போட்டுப் படுத்தாள். மூன்று வருசமாக, கூட்டத்துக்கு முந்தின ராத்திரி அவள் தூங்கியதில்லை.

*

அரசமரத்தடியில் ஊர் கூடியிருந்தது.

முதலில் சடையாண்டியின் கலயம் தொங்கியது. நாட்டாண்மை மெழுகை எடுத்தார்.

சடையாண்டி நன்றாகப் பேசினான். தம்பியைத் தூக்கி வளர்த்ததைப் பேசினான். குடும்பத்துச் சொத்து வெளியே போகலாமா என்று கேட்டான். சொல்ல வேண்டியதெல்லாம் முடிந்த பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை வீணாக்க அவனுக்கு மனமில்லை.

"இந்தப் பொம்பளை இப்ப எந்திரிக்கும். மழை பெஞ்ச கதையைச் சொல்லும். மூக்கைச் சிந்தும். உக்காந்துரும்."

கூட்டம் சிரித்தது.

"அடுத்த வருசம் இந்த வழக்கு இருக்காது. கதவும் இருக்காது."

கடைசிச் சொட்டு விழுந்தது. சடையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

வீரக்காள் எழுந்து போய்த் தன் கலயத்துக்குப் பக்கத்தில் நின்றாள். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். மூத்தார் முன்னால் நின்று பேசுவது அந்த ஊரில் பெண்களுக்கு வழக்கமில்லை. கூட்டத்தில் மட்டும் பேசலாம். ஆனால் உடம்புக்கு அது தெரிவதில்லை. கால் தானாகப் பின்னால் நகர்ந்தது.

மூன்றாவது வரிசையில் முத்திருளன் கொத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாட்டாண்மை மெழுகை எடுத்தார்.

நிறைந்த கலயம். தண்ணீர் விசையாகப் பீய்ச்சிக்கொண்டு இறங்கியது.

சடையாண்டி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அடிவயிற்றிலிருந்து அது கிளம்பியது. மழை வந்தது. திருப்பிக்கொண்ட முகம் வந்தது. மடித்த இலை வந்தது. எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தொண்டைக்கு வந்தன. 'கல்யாணமாகி வந்த அன்னைக்கு' என்று சொல்ல உதடு பிரிந்துவிட்டது.

வீரக்காள் கையை நீட்டிக் கலயத்தின் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அடைத்தாள்.

தண்ணீர் நின்றது.

கூட்டம் சலசலத்தது.

"என்னத்தா பண்ற?" என்றார் நாட்டாண்மை.

வீரக்காள் அவரைப் பார்த்தாள். பேசவில்லை.

"கேக்கிறேன்ல? பேசு."

பின்வரிசையிலிருந்து மொக்கையனின் குரல் வந்தது. "தண்ணி ஓடாதப்ப எப்பிடி மாமா பேசும்? நீங்கதானே பேசக் கூடாதுங்கிறீக."

நாட்டாண்மை பெரியவர்கள் பக்கம் திரும்பினார்.

"விரல் வைக்கக் கூடாதுன்னு எப்பவாவது சொல்லியிருக்கா?"

"சொன்னதில்லை" என்றார் ஒருவர்.

"வச்ச ஆளும் இல்லை" என்றார் இன்னொருவர்.

"சொல்லாததை எப்பிடிக் குத்தம்னு சொல்றது?"

சடையாண்டி விருட்டென்று எழுந்தான். வாயைத் திறந்தான். பக்கத்திலிருந்த மைத்துனன் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து, காலிக் கலயத்தைக் கண்ணால் காட்டினான். சடையாண்டி திறந்த வாயோடு உட்கார்ந்தான்.

வீரக்காள் நின்றாள்.

விரலுக்கு மேலே ஒரு கலயம் தண்ணீரும் அழுத்திக்கொண்டு நின்றது. குளிர்ச்சி மணிக்கட்டு வரை ஏறியது. முதலில் மழை போனது. பிறகு மாமியார் போனாள். மடித்த இலை கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. வெள்ளையன் வந்தான், கடைக்கால் குழிக்குள் நின்று கல்லுக்குக் கையை நீட்டியபடி. அவனும் போனான்.

ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம் ஆகியிருக்கும். யாரும் எழுந்து போகவில்லை. எதிரே சடையாண்டியின் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வீரக்காள் விரலை எடுத்தாள்.

"இந்த வீடு நானும் என் புருசனும் கட்டினது. கடைக்கால் கல்லு பூராவும் நான் சுமந்தது. முத்திருளண்ணே, நீங்க எந்திரிச்சு உள்ளதைச் சொல்லுங்க."

மூன்று வருசமாக அந்தக் கூப்பாட்டுக்குக் காத்திருந்தவர்போல முத்திருளன் எழுந்தார். முழங்கால் சொடுக்கியது.

"அண்ணன் தம்பி பாகம் பிரிச்சு ஆறு மாசம் கழிச்சுக் கட்டின வீடு. கல்லு இந்தப் பிள்ளை தலையில வந்ததுதான். நான் கடைக்கால் போட்டேன். நிலையும் கதவும் இந்தப் பிள்ளையோட அப்பன் வீட்டுலருந்து வண்டியில வந்து இறங்குச்சு. சடையாண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நாட்டாண்மை தொண்டையைச் செருமினார். "கதவுல யாரும் கை வைக்கக் கூடாது. மத்ததைப் பெரியவங்க கலந்து இப்பச் சொல்றோம்."

பெரியவர்கள் தலையோடு தலை சேர்த்துக் குனிந்தார்கள்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கலயத்தில் இன்னும் முக்கால் இருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து கிசுகிசுப்பாகக் குரல்கள் வந்தன.

"சொல்லுடி, இன்னும் தண்ணி இருக்கு."

"மாட்டைக் கட்டினதைச் சொல்லு."

"ஓட்டைப் பிரிச்சதைச் சொல்லு. விடாத."

சடையாண்டி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பேசிக் கெடுத்துக்கொள்ளட்டும் என்று காத்திருக்கிற முகம் அது.

வீரக்காள் கட்டைவிரலை மறுபடியும் ஓட்டையில் வைத்தாள்.